2023இல் துரத்தித் துரத்திக் கொடுத்தார்கள், இப்போது கதவைச் சாத்துகிறார்கள்: வங்கிக் கடனில் என்னதான் நடக்கிறது?

தெற்குவாசல்:
வணக்கம். என் தம்பி கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான், கையில் வருவது 34,000. 2023 முழுக்க ஒரு நாளைக்கு மூன்று போன் வரும், உங்களுக்கு 5 லட்சம் லோன் ரெடியாக இருக்கிறது, ஒரு ஓடிபி சொன்னால் போதும் என்று. அப்போது தேவையில்லை, வாங்கவில்லை. இப்போது அம்மாவுக்கு முழங்கால் மாற்று சிகிச்சைக்கு 3 லட்சம் வேண்டும் என்று சம்பளக் கணக்கு இருக்கிற அதே வங்கிக்குப் போனால் கிடையாது என்கிறார்கள். சிபில் மதிப்பெண் 771. ஒரு தவணைகூடத் தவறியது கிடையாது. பைக் கடன் ஒன்று, கார்டில் தவணையாக மாற்றிய ஒரு தொகை, செல்போனுக்கு ஆப்பில் எடுத்த சின்னக் கடன் ஒன்று, இவ்வளவுதான் ஓடுகிறது.

கிளம்பும்போது அந்த அதிகாரி சொன்ன வார்த்தைதான் எனக்குப் புரியவே இல்லை. "வீட்டில் நகை இருந்தால் எடுத்துட்டு வாங்க, அரை மணி நேரத்தில் போட்டுத் தர்றோம்." அதே ஆள், அதே சம்பளம், அதே மூன்று கடன். அப்போது திருப்பிக் கட்ட முடியாதவன் இப்போது எப்படிக் கட்ட முடிகிறவன் ஆனான்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்புள்ள:
தம்பி மேல் தப்பு எதுவும் இல்லை, முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள். 2023 நவம்பர் 16ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பு விட்டது. தனிநபர் கடன் மாதிரி ஜாமீன் இல்லாத நுகர்வுக் கடன்களுக்கு ரிஸ்க் வெயிட்டை, அதாவது ஒரு கடனுக்கு வங்கி எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று கணக்கிடுகிற எடையை, 100இலிருந்து 125 சதவீதமாக ஏற்றினார்கள். வங்கிகளின் கிரெடிட் கார்டு பாக்கிக்கு 125இலிருந்து 150.

கணக்காகச் சொன்னால் எளிது. வங்கி 100 ரூபாய் கடன் கொடுத்தால், குறைந்தபட்ச விகிதமான 9 சதவீதப்படி 9 ரூபாய் தன் சொந்த மூலதனத்தை அதற்கு எதிரே நிறுத்தி வைக்க வேண்டும். 125 ஆனதும் அது 11 ரூபாய் 25 காசு. கார்டு பாக்கி என்றால் 13 ரூபாய் 50 காசு. அதே மூலதனத்தில் முன்பு கொடுத்த அளவுக்கு இனி கொடுக்க முடியாது, கொடுத்தாலும் லாபம் குறையும். அதனால் யாரைக் கழிக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக் கடன், வண்டிக் கடன், கல்விக் கடன், நகைக் கடன் இந்த நாலையும் அந்த ஏற்றத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். அந்த அதிகாரி நகை கேட்டதற்குப் பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் அதே நாளில் வந்தது. வங்கிகள் நிதி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கடனுக்கும் ரிஸ்க் வெயிட்டில் 25 புள்ளி கூட்டினார்கள். ஆப்பில் கடன் கொடுக்கிற கம்பெனிகளும் வாரக் கடன் கம்பெனிகளும் வங்கியில் வாங்கித்தான் நமக்குக் கொடுக்கின்றன, அந்தக் குழாயும் இறுகியது. 2025 ஏப்ரல் 1 முதல் நிதி நிறுவனங்களுக்கான அந்த 25 புள்ளியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் உங்கள் தம்பி மாதிரி ஆட்களின் தனிநபர் கடனுக்கு ஏற்றிய 25 அந்த அறிவிப்பில் இறங்கவில்லை.

முப்பதாண்டு கவுண்டர்:
ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பது வருஷம், அதில் பதினாறு வருஷம் கடன் பிரிவு. ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால் திறந்து பேசுகிறேன். கணக்குப்புள்ள சொன்னது சரி, ஆனால் அது கதையின் நடுப்பக்கம். முதல் பக்கத்திலிருந்து சொன்னால்தான் தம்பி ஏன் வெளியே நிற்கிறார் என்று தெரியும்.

2015இல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது வங்கிகளின் கடன் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். இரும்பு, மின்சாரம், சாலை என்று பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்ததெல்லாம், திருப்பித் திருப்பி மறுசீரமைப்பு என்ற பெயரில் நல்ல கடனாகவே காட்டிக்கொண்டிருந்ததெல்லாம், ஒன்றொன்றாக வாராக்கடன் பட்டியலுக்கு வந்தது. 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன், வங்கிகள் கொடுத்த கடனில் 11 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வருஷங்களில் மண்டல அலுவலகக் கூட்டத்துக்குப் போனால் ஒரே வார்த்தைதான், "சில்லறைக்குப் போங்கள்", அதாவது தனி ஆட்களுக்குச் சின்னச் சின்னதாகக் கொடுங்கள். பெரிய கம்பெனி ஒன்று விழுந்தால் ஆயிரம் கோடி போகும், ஆயிரம் மாதச் சம்பளக்காரர்கள் ஒரே நாளில் விழமாட்டார்கள் என்ற கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் எல்லா வங்கியும், எல்லா நிதி நிறுவனமும், எல்லா ஆப்பும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு அதே ஆயிரம் பேர் வீட்டு வாசலில் போய் நின்றன.

நான் சேர்ந்த காலத்தில் ஒரு ஆள் 20,000 ரூபாய் கடன் கேட்டால்கூட, வீட்டில் எத்தனை பேர், யார் யார் சம்பாதிக்கிறார்கள், வாடகை எவ்வளவு, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்றெல்லாம் கேட்போம். நேரில் போய்ப் பார்ப்போம். அது மெதுவான வேலை, அதில் ஜாதி பார்த்தவர்களும் உண்டு, காசு கேட்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. மதிப்பெண் வந்தது ஒருவிதத்தில் நியாயமாக இருந்தது, மேனேஜருக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்றாலும் 771 மாறாது. ஆனால் 300இலிருந்து 900 வரை போகிற அந்த எண், நீங்கள் இதுவரை ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதைத்தான் சொல்லும். இனிமேல் கட்ட முடியுமா என்று சொல்லாது. ஒரு கடனை இன்னொரு கடன் வாங்கிக் கட்டுகிறவனுக்கும், கடைசிக் கடன் கிடைக்கிற நாள் வரைக்கும் மதிப்பெண் பரவாயில்லாமல்தான் இருக்கும்.

ஆக, கொடுக்கிறபோதும் குடும்பத்தின் வரவு செலவைப் பார்க்காமல் கொடுத்தார்கள், நிறுத்துகிறபோதும் பார்க்காமலே நிறுத்துகிறார்கள். தெற்குவாசல் கேட்டாரே, நகை கொண்டு வந்ததும் எப்படிக் கட்ட முடிகிறவன் ஆனான் என்று, அவன் அப்படி ஆகவில்லை. அவன் கட்டாவிட்டாலும் வங்கிக்கு நஷ்டமில்லை, அவ்வளவுதான்.

மேட்டூர் அணை:
கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம். 2025 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 2.3 சதவீதம்தான். பல வருஷங்களில் இவ்வளவு கீழே வந்ததே இல்லை. 11ஐத் தாண்டியிருந்தது 2.3க்கு வந்திருக்கும்போது, இங்கே எல்லாரும் வீடு எரிகிற மாதிரிப் பேசுகிறீர்கள். ரிசர்வ் வங்கி முன்கூட்டியே பிரேக் போட்டது, வண்டி நின்றது, நல்லதுதானே?

முப்பதாண்டு கவுண்டர்:
நியாயமான கேள்வி. பிரேக் போட்டது சரி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை, 2023இல் போடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால் அந்த 2.3ஐ எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஒரு கடன் 90 நாள் கட்டாமல் போன பிறகுதான் வாராக்கடன். அதுவரை நல்ல கடன். புத்தகத்திலிருந்து எழுதித் தள்ளிவிட்டால் மறுபடி அந்த எண்ணில் இருக்காது, வசூல் மட்டும் தொடரும். அப்புறம் கீழே இருக்கிற வகுக்கும் எண், அதாவது மொத்தக் கடன், வேகமாக வளர்ந்தால் விகிதம் தானாக இறங்கும், ஏனென்றால் நேற்றுக் கொடுத்த கடன் இன்றைக்குக் கெடாது. கெடுவதற்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வேண்டும். இதனால் கடன் வளர்ச்சி வேகமாக இருக்கிற வருஷத்தில்தான் விகிதம் அழகாகத் தெரியும், வளர்ச்சி நின்ற பிறகு உண்மையான முகம் தெரியும். கிளையில் உட்கார்ந்தவன் பார்க்க வேண்டியது புதிதாக எத்தனை கணக்கு நழுவுகிறது என்பதை. மொத்த விகிதம் ஆட்டோவின் பின்பக்கக் கண்ணாடி மாதிரி, வந்த வழியைக் காட்டும்.

இன்னொன்று, அந்த 2.3இல் பெரிய கம்பெனிக் கடன் சுத்தமானதன் பங்கு பெரியது. ஜாமீன் இல்லாத சின்னக் கடன்களையும் குழுக் கடன்களையும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் படம் வேறு.

ஆத்தூர் அக்கா:
குழுக் கடன் என்று சொன்னதால் நானும் எழுதுகிறேன். எனக்கு ரிஸ்க் வெயிட் எல்லாம் தெரியாது, எங்கள் தெருவில் நடந்தது தெரியும்.

நான் முதல் முதலில் ஒரு கம்பெனியில் 30,000 எடுத்தேன், தையல் மிஷினுக்கு. பத்துப் பெண்கள் ஒரு குழு, செவ்வாய்க்கிழமை காலை ஒருத்தர் வீட்டுத் திண்ணையில் சென்டர் மீட்டிங், ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அது நன்றாகவே போனது, கட்டி முடித்தேன். உடனே 50,000 தருகிறேன் என்றார்கள். அதே வாரம் இன்னொரு கம்பெனிக்காரர் வந்து, அந்தக் குழுவில் ஒழுங்காகக் கட்டினவர்கள் யார் என்று கேட்டு எங்களையே பிடித்தார். மூன்றாவது வருஷம் எனக்கு நாலு கம்பெனியில் கடன். ஒன்று வாரம், ஒன்று பதினைந்து நாள், இரண்டு மாதம். ஒன்றில் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டுவேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை, நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் வருகிற எவரும், அக்கா உங்களால் இவ்வளவு முடியுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஆதார் கார்டும் வீட்டுக்காரர் ஆதார் கார்டும்தான்.

2025 ஏப்ரல் மாதம் ஒருத்தர் வந்து, இனிமேல் மூன்று கம்பெனிக்கு மேல் கொடுக்கக் கூடாதாம், உங்களுக்கு ஏற்கனவே நாலு இருக்கிறது, புதுசு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் அந்தப் புதுக் கடனை நம்பித்தான் மற்றதற்கெல்லாம் தேதி சொல்லியிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை முதல் முறையாகக் கட்ட முடியவில்லை. அன்றைக்குத் திண்ணையில் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உட்கார வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தார்கள். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

தெற்குவாசல்:
அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எழுதியதற்கு நன்றி.

வண்டிச்சத்தம்:
நான் அப்படித் திண்ணையில் உட்கார வைக்கிற வேலையில் ஐந்து வருஷம் இருந்தவன். வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. அக்காவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க முடியாது, இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

விதி என்ன என்று எல்லாருக்கும் தெரியட்டும். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த நுண்கடன் விதிப்படி, குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் அது நுண்கடன். ஜாமீன் வாங்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வசூலுக்குக் காலை 9க்கு முன்னாலும் மாலை 6க்குப் பின்னாலும் தொந்தரவு செய்யக் கூடாது. எழுத்தில் இதைவிட நல்ல விதி கிடையாது. அதே விதிதான் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்தது, அது வேறு விஷயம்.

களத்தில் என்ன நடந்தது? வருமானத்தை எழுதுகிறவன் நான். மாதம் 25,000 வரைதான் எழுத முடியும், அதற்கு மேல் போனால் 3 லட்சம் தாண்டிவிடும். ஏற்கனவே எவ்வளவு தவணை போகிறது என்று ரிப்போர்ட்டில் வந்துவிடும், அது 8,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி என்றால் 12,500. ஆக இன்னும் 4,500 இடம் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும், கடன் போய்விடும். அந்த வீட்டில் உண்மையில் வருவது 14,000 என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனால் எனக்கு மாதம் இத்தனை கடன் கொடுக்க வேண்டும் என்று டார்கெட், அவர்களுக்கு அந்தப் பணம் வேண்டும். நான் 25,000 என்று எழுதினேன். ஒரு நாளில் பதினைந்து வீடு, அத்தனைக்கும் அதே எண். மேலே இருக்கிற எவரும் எப்படி ஒரு தெரு முழுக்க 25,000 வருகிறது என்று திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல என்னால் முடிந்திருக்காது.

2024 ஜூலையில் நுண்கடன் கம்பெனிகளின் சங்கமான எம்ஃபின் ஒருவருக்கு நாலு கம்பெனி, மொத்தம் 2 லட்சம் என்று வரம்பு வைத்தது. நவம்பரில் அதை மூன்று என்று குறைத்தது, 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அக்கா சொன்னது அதுதான். நாலாவது ஐந்தாவது கடனை வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் நின்றார்கள். எங்கள் கிளையில் தொண்ணூற்றொன்பது சதவீத வசூல் பார்த்த சென்டர்களில்கூட ஆள் வருவது நின்றுபோனது. அந்தக் கடன்கள் முன்னாடியே கெட்டுப்போனவை, சுழற்சி இருந்ததால் தெரியவில்லை.

கணக்குப்புள்ள:
2010 அக்டோபரில் ஆந்திராவில் நடந்தது இதன் அண்ணன். ஒரே வீட்டுக்கு ஏழு எட்டு கடன், தற்கொலைச் செய்திகள், மாநில அரசு அவசரச் சட்டம், ஒரே மாதத்தில் வசூல் படுத்தது. அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு உட்கார்ந்து 2011இல் அறிக்கை கொடுத்தது. ஒருவருக்கு இத்தனை கம்பெனிதான், இவ்வளவு தொகைதான் என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள். பதிமூன்று வருஷம் கழித்துத் திரும்பவும் அதே வரம்பைத்தான் எழுதியிருக்கிறோம். இந்த முறை தமிழ்நாடும் பீகாரும்தான் நாட்டிலேயே அதிக நுண்கடன் பாக்கி இருக்கிற மாநிலங்கள்.

மேட்டூர் அணை:
நான் மேலே எழுதியதில் 2.3 என்ற எண் தப்பில்லை. ஆனால் அதை வைத்து வீடு எரியவில்லை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், அக்கா.

காவிரிக்கரை:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கவுண்டர் ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் நகைக் கடனை அவர் பேசுகிற விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. வருமானத்தைப் பார்த்துக் கொடு, வரவு செலவைக் கேள் என்கிறார். எனக்கு என்ன வருமானச் சான்று இருக்கிறது? மூன்று ஏக்கர், அதில் ஒன்றரை குத்தகை, குத்தகைக்கு எழுத்து கிடையாது. மேட்டூரில் தண்ணீர் விட்டால் குறுவை, இல்லாவிட்டால் இல்லை. வங்கியில் என்னை உட்காரச் சொல்லிப் பேசுகிற ஒரே கவுண்டர் நகைக் கடன் கவுண்டர்தான். உரசிப் பார்த்து, எடை போட்டு, ரசீது எழுதி அரை மணி நேரத்தில் முடித்து அனுப்புகிறார்கள். என் பொண்டாட்டியின் சங்கிலி எனக்கு ஒவ்வொரு வருஷமும் உரமும் நடவுக் கூலியும் ஆகிறது. அங்கேயும் போய் வருமானச் சான்று கேட்டால் நான் எங்கே போவேன் என்று உங்களுக்கே தெரியும்.

2024 செப்டம்பர் 30ஆம் தேதி ரிசர்வ் வங்கி நகைக் கடனில் முறைகேடு இருக்கிறது என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. அதுவரை நாங்கள் வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி அதே நாளில் மாற்றி வைப்போம். அதற்குப் பிறகு எங்கள் கிளையில் அசலும் வட்டியும் முழுசாகக் கட்டு, நகையை மீட்டு எடுத்துட்டுப் போ, மறுநாள் வந்து திருப்பி வை என்றார்கள். 11 பவுன், 3,60,000 கடன், 32,400 வட்டி. ஒரு நாளைக்கு 3,92,400 ரூபாய் எந்த விவசாயி கையில் இருக்கும்? வங்கி வாசலிலேயே அதற்கென்று ஆள் நிற்கிறார். இரண்டு நாளைக்கு 6,000 ரூபாய் அவருக்குக் கொடுத்தேன். விதியை இறுக்கியதால் வங்கிக்கு ஒரு பைசா பாதுகாப்பும் கூடவில்லை, அதே நகை அதே பெட்டிக்குள் திரும்பப் போனது. நடுவில் 6,000 போனது என் வீட்டுப் பணம்.

முப்பதாண்டு கவுண்டர்:
தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். ஒரு பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன், ஒரு பகுதியில் இன்னும் நின்று பேசுவேன்.

முதலில் ஒப்புக்கொள்வது. ஒருநாள் முழுத் தொகை கட்டச் சொன்னது அபத்தம். பழைய கடனைப் புதுக் கடனால் மூடி மறைப்பதைத் தடுக்க நினைத்தார்கள், கிளைகள் அதைப் படித்த விதத்தில் கந்து வட்டிக்காரருக்கு வியாபாரம் கொடுத்தார்கள். 2025 ஏப்ரல் 9 அன்று வந்த வரைவு விதி இன்னும் கடுமை, நகை உன்னுடையது என்பதற்கு ஆதாரம் கொடு என்ற அளவுக்குப் போனது. பாட்டி போட்ட வளையலுக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்? தமிழ்நாட்டிலிருந்துதான் பெரிய எதிர்ப்பு போனது, முதலமைச்சர் கடிதம் எழுதினார், நிதி அமைச்சகமே சின்னக் கடன்களை விலக்கச் சொன்னது. ஜூன் 6ஆம் தேதி இறுதி விதி வந்தபோது நிறைய இறங்கி வந்திருந்தார்கள். 2026 ஏப்ரல் 1க்குள் எல்லாரும் அதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

அதில் உங்களுக்கு வேண்டியது இது. 2.5 லட்சம் வரைக்கும் விரிவான வருமான ஆய்வு தேவையில்லை. பில் இல்லாவிட்டால் நகை என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஒரே தவணையில் அடைக்கிற கடனை, கடன் ஒழுங்கில் இருந்து, நகை மதிப்பும் வரம்புக்குள் இருந்தால், சேர்ந்த வட்டியைக் கட்டிவிட்டுப் புதுப்பிக்கலாம். அதாவது நீங்கள் முன்பு செய்ததேதான். அசலைப் புரட்ட வாசலில் நிற்கிற ஆளிடம் போக வேண்டியதில்லை. கடன் அடைத்த பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய். இதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் நின்று பேசுவது. வீட்டுச் செலவுக்கான நகைக் கடனுக்கு 2.5 லட்சம் வரை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. முதிர்வில் கட்ட வேண்டிய வட்டியும் இதற்குள் அடக்கம். பவுன் 70,000 என்று வையுங்கள், 85 சதவீதம் என்றால் 59,500. 9 சதவீத வட்டிக்கு ஒரு வருஷம் என்றால் கைக்கு வருவது 54,600 சுமார். வருஷக் கடைசியில் விலை 15 சதவீதம் இறங்கியிருந்தால் கடனும் நகையும் சமம். இன்னும் இறங்கினால் மீட்காமல் விடுவதே லாபம் என்றாகிவிடும். தங்கம் ஏறிக்கொண்டே இருக்கிறதே என்பீர்கள். 2024 தொடக்கத்தில் பவுன் 47,000 பக்கம் இருந்தது, 2025 ஏப்ரலில் 70,000 தாண்டியது, உண்மைதான். 2013 ஏப்ரலில் இரண்டே நாளில் எப்படி விழுந்தது என்று நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவன். 2012 மார்ச்சில் ரிசர்வ் வங்கி நிதி நிறுவனங்களுக்கு 60 சதவீத வரம்பு வைத்ததை அன்றைக்கு எல்லாரும் திட்டினார்கள், அடுத்த வருஷம் அந்த வரம்பால்தான் பலர் தப்பித்தார்கள். 2014 ஜனவரியில் 75 ஆக்கினார்கள். இப்போது சின்னக் கடனுக்கு 85.

விலை ஏறும்போது இன்னொன்றும் நடக்கிறது. அதே 11 பவுனுக்கு வருஷா வருஷம் கூடக் கிடைக்கிறது. வட்டியை அந்தக் கூடுதலிலிருந்தே கட்டுகிறோம். வெளியிலிருந்து ஒரு ரூபாய் கட்டாமலே ஒருவர் ஐந்து வருஷம் நல்ல வாடிக்கையாளராக இருக்கலாம். அது ஆத்தூர் அக்காவின் நாலாவது கடன் செய்த அதே வேலை. அவருக்கு மூன்று கம்பெனி என்ற விதி வந்த அன்றைக்கு நின்றது, இங்கே தங்கம் நிற்கிற அன்றைக்கு நிற்கும்.

காவிரிக்கரை:
ஐயா, என் கணக்கைச் சொல்கிறேன். 2021இல் அதே 11 பவுனுக்கு 2,40,000 வாங்கினேன். இப்போது 3,60,000. நடுவில் அசலில் எதுவும் கட்டவில்லை. நீங்கள் சொன்னதைப் படித்த பிறகுதான் இப்படி எழுதிப் பார்த்தேன். ஏறின 1,20,000இல் பெரும்பகுதி வட்டிக்கே போயிருக்கிறது.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. நகை இல்லாமல் எனக்கு யார் கொடுப்பார்கள்?

முப்பதாண்டு கவுண்டர்:
விவசாயக் கடனுக்கு ஜாமீன் கேட்கக் கூடாத வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமாக ஏறியிருக்கிறது. பயிர்க் கடனாகக் கேளுங்கள், கிசான் கார்டாகக் கேளுங்கள். குத்தகைக்கு எழுத்து இல்லாததுதான் இடைஞ்சல், சொந்த ஒன்றரை ஏக்கருக்காவது கிடைக்கும். கிளையில் "நகை கொண்டு வாங்க" என்பார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கு அரை மணி நேர வேலை, பயிர்க் கடன் என்றால் வயலுக்கு வந்து பார்க்க வேண்டும். கிளையில் இப்போது அதற்கு ஆள் இல்லை. நான் சேர்ந்தபோது எங்கள் கிளையில் விவசாயத்துக்கென்றே ஒரு அதிகாரி, அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள். நான் ஓய்வு பெற்றபோது மூன்று கிளைக்குச் சேர்த்து ஒருவர். கடன் தரம் என்று டெல்லியிலும் மும்பையிலும் என்ன எழுதினாலும், வீட்டுக்கு வந்து பார்க்கிற ஆளைக் குறைத்துவிட்டால் மிஞ்சுவது மதிப்பெண்ணும் தராசும்தான். நான் இத்தனை நேரம் சொல்ல வந்தது இதைத்தான், அதற்கு உங்கள் மேல் பழி போட்ட மாதிரி ஆகிவிட்டது. அது என் நோக்கம் இல்லை.

வண்டிச்சத்தம்:
வீட்டுக்கு வந்து பார்க்கிற ஆளாக நான்தான் இருந்தேன் ஐயா. வந்து பார்த்துவிட்டு 25,000 என்று எழுதினேன். ஆள் இருந்தால் மட்டும் போதாது, அவன் உண்மையை எழுதினால் அவன் சம்பளம் குறையக் கூடாது.

முப்பதாண்டு கவுண்டர்:
ஆமாம். அதையும் சேர்த்துத்தான்.

தெற்குவாசல்:
எல்லாருக்கும் நன்றி. தம்பி விஷயத்தில் என்ன செய்யலாம் என்று கடைசியாகச் சொல்லுங்கள். அம்மா நகையை வைக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

கணக்குப்புள்ள:
முதலில் அந்த செல்போன் ஆப் கடனைப் பாருங்கள். எவ்வளவு பாக்கியோ அதை ஒரேயடியாக அடைத்துவிடச் சொல்லுங்கள், கார்டு தவணையையும் முடிந்தால். 2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது கடன் விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும், முன்பு மாதம் ஒருமுறை. அதனால் அடைத்தது சீக்கிரம் தெரியும். பிறகு நாலு கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்தும் வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாக முழு ரிப்போர்ட் எடுக்கலாம், நாலையும் எடுங்கள், எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். முடித்த கடன் இன்னும் ஓடுகிற மாதிரி இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கடன் மறுத்ததற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள், வாய் வார்த்தையோடு விடாதீர்கள்.

நகை வைப்பதாக இருந்தால் ஒரே தவணைத் திட்டம் வேண்டாம், மாதத் தவணையில் கேளுங்கள். 34,000 சம்பளத்தில் இரண்டு வருஷத்தில் அசலும் சேர்ந்து இறங்கும், நகையும் வீட்டுக்கு வரும். கையெழுத்துக்கு முன்னால் முக்கிய விவரத் தாள் என்று ஒன்று கொடுக்க வேண்டும், 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும்.

ஆத்தூர் அக்கா:
அந்த இலவச ரிப்போர்ட்டை என் பையன் செல்போனில் இப்போதுதான் எடுத்துக் கொடுத்தான். 2022இல் நான் கட்டி முடித்த 50,000 கடன் இன்னும் 7,200 பாக்கி என்று காட்டுகிறது. கடைசித் தவணை கட்டின அட்டை என்னிடம் இருக்கிறது, கையெழுத்தோடு. புகாரை எப்படி எழுத வேண்டும் என்று யாராவது சொல்லுங்களேன்.

வண்டிச்சத்தம்:
அக்கா, அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். கடன் எண் அட்டையின் மேல் மூலையில் இருக்கும். நான் எழுதித் தருகிறேன், இன்று ராத்திரி தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.